பம்ப் துடிக்கிறது, கோடு ஆடுகிறது: ஆய்வுக்கூடக் கருவிகளில் அழுத்தத் துடிப்பை அடக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சர்க்கரை, பழச்சாறு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக எச்.பி.எல்.சி. கருவிகளோடு (உயர் அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளி, மாதிரியில் இருப்பதைப் பிரித்து அளப்பவை) மல்லுக்கட்டுகிறேன். அதற்கு முன்பு ஜோஹன்னஸ்பர்க்கில் தாதுமண் சோதிக்கும் இடத்தில் ஐ.சி.பி. கருவி (மாதிரியைப் பிளாஸ்மாச் சுடரில் தெளித்து உலோகங்களை அளப்பது) பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடத்திலும் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்றுதான்: பம்ப் தள்ளும் திரவம் சீராக வராமல் துடித்துத் துடித்து வருவது. டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் ஆய்வுக்கூட வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளும் தங்கைகளும் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் ஒரே மூச்சில் எழுதிவைக்கிறேன்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

பம்ப் வேலை செய்கிற விதத்திலேயே அது இருக்கிறது. பிஸ்டன் பம்ப் முன்னால் போகும்போது தள்ளும், பின்னால் வரும்போது உறிஞ்சும். ஒரே தலை (பிஸ்டன் ஓடும் அறை) இருந்தால் பாதி நேரம் வெளியே எதுவும் வராது. அதனால்தான் இரண்டு தலை வைத்து, ஒன்று உறிஞ்சும்போது மற்றது தள்ளுகிற மாதிரி கேமை, அதாவது சுழன்று பிஸ்டன்களைத் தள்ளும் தகட்டை, வெட்டுகிறார்கள். அப்போதும் முழுசாகச் சரியாகாது, ஏனென்றால் அழுத்தம் ஏற ஏறத் திரவமும் கொஞ்சம் சுருங்கும். தண்ணீர் 100 பாரில் (பார் என்பது அழுத்த அலகு, ஒரு பார் ஏறக்குறைய காற்றழுத்தம் அளவு) சுமார் அரை விழுக்காடு, மெத்தனால் ஒரு விழுக்காட்டுக்கு மேல். பிஸ்டன் முதல் கொஞ்ச தூரம் திரவத்தைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், அந்தக் கண நேரத்தில் வெளியே ஓட்டம் குறையும், திரையில் வரையும் அழுத்தக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழும்.

பெரிஸ்டால்டிக் பம்பில் கதை வேறு. உருளை குழாயை நசுக்கிக்கொண்டே போய், ஒரு இடத்தில் விட்டு விலகும். நசுங்கியிருந்த இடம் பழையபடி உப்பும்போது முன்னால் போன திரவத்தில் கொஞ்சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். 10 உருளை, நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் நிமிடத்துக்கு 200 தடவை இந்த இழுப்பு நடக்கும்.

அதனால் என்ன கெட்டுவிடும்? முடிவு எண் சரியாகத்தானே வருகிறது?

மாதிரியில் உள்ள ஒவ்வொரு பொருளும் டிடெக்டரின் கோட்டில் ஒரு உச்சியாக எழும்; பெரிய உச்சிகளை அளக்கிறவரைக்கும் தெரியாது. சின்ன உச்சி வரும்போது, அடிக்கோட்டின் அலையில் அது மூழ்கிவிடும். யு.வி. டிடெக்டர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் சர்க்கரைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒளிவிலகல் டிடெக்டர் தொட்டாற்சிணுங்கி. ஓட்டம் கொஞ்சம் ஆடினாலும், வெப்பம் கொஞ்சம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். ஐ.சி.பி.யில் நெபுலைசருக்குள் (மாதிரியை நுண்துளிகளாகத் தெளிக்கும் முனை) போகும் மாதிரி விட்டுவிட்டுப் போனால் ஒரே மாதிரியை மூன்று தடவை அளந்து மூன்று எண் வாங்குவீர்கள். அப்புறம், பிசின் நிரப்பிய மென்மையான காலம்ன், அதாவது பிரிப்புக் குழாய், தினமும் இப்படிக் குலுங்கினால் உள்ளே படுகை அமுங்கி மேலே ஒரு வெற்றிடம் விழும். அது வந்த பிறகு காலம்ன் குப்பைக்குத்தான்.

சரி, துடிப்பை அடக்கும் டாம்பர் ஒன்று வாங்கிவிடட்டுமா?

வாங்காதீர்கள். இன்னும் இல்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய பம்ப் இன்று துடிக்கிறது என்றால் அங்கே ஏதோ கெட்டிருக்கிறது. டாம்பர் அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். முதலில் தலைக்குள் காற்றுக்குமிழி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் பாதி அதுதான். பர்ஜ் வால்வைத் (திரவத்தைக் காலம்னுக்கு அனுப்பாமல் வெளியே விடும் வால்வ்) திறந்து வேகமாக ஓடவிட்டால் போய்விடும். போகவில்லையென்றால் திரவத்தை ஒரே பக்கம் மட்டும் போகவிடும் செக் வால்வ்: உள்ளே இருக்கும் சின்ன உருண்டை அழுக்கில் ஒட்டிக்கொண்டு சரியாக உட்காராமல் இருக்கும். கழற்றி ஐசோபுரொப்பனாலில் போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும். மாட்டும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டுங்கள் (சிரிக்காதீர்கள், நானே தலைகீழாக மாட்டியிருக்கிறேன்). அடுத்தது பிஸ்டன் சீல், தலைக்குப் பின்னால் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக மென்பொருளில் கரைப்பானின் சுருங்குதன்மை என்று ஒரு எண் கேட்கும். தண்ணீருக்கு வைத்த எண்ணோடு மெத்தனாலை ஓட்டினால் பம்ப் பள்ளத்தைச் சரியாக ஈடுகட்டாது. இவ்வளவும் பார்த்த பிறகும் அழுத்தம் சராசரியிலிருந்து ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் ஆடினால் அப்போது டாம்பரைப் பற்றிப் பேசலாம்.

ஆட்டம் பம்பிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கைக்கடிகாரம் போதும். கோட்டில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துத் திரும்ப எண்ணுங்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் பம்ப். மாறவே இல்லையென்றால் பம்ப் நிரபராதி. இன்னொரு கணக்கு: இரண்டு தலைப் பம்பில் கேம் ஒரு சுற்றுக்கு இரண்டு சின்ன அலை வருவது இயல்பு, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பெரிய பள்ளம் வந்தால் இரண்டில் ஒரு தலை படுத்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பிப்ரவரி மாதம், டர்பனின் புழுக்கம் தெரியும்தானே, ஒளிவிலகல் டிடெக்டரின் கோடு கடல் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. சீல் மாற்றினேன், செக் வால்வ் மாற்றினேன், மேலதிகாரியிடம் புது டாம்பருக்குக் காகிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் சும்மா இருக்காமல் அலையை எண்ணினேன்: பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. எந்தப் பம்பும் அவ்வளவு மெதுவாகத் துடிக்காது. தலையைத் தூக்கிப் பார்த்தால், டிடெக்டருக்கு நேர் மேலே ஏ.சி.; அதன் கம்ப்ரசர் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உறுமுகிறது. ஒரு அட்டைப்பெட்டியை வெட்டிக் காற்று படாமல் மறைத்தேன், கோடு படுத்துக்கொண்டது. அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கும்போது அவர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டாம்பர் உண்மையில் என்ன செய்கிறது?

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது, பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர் ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும், மூச்சும் வாங்க வேண்டும். கன்னத்தை உப்பவைத்து அதில் காற்றைத் தேக்கிக்கொள்வார். மூக்கால் மூச்சு வாங்கும் நொடியில் கன்னத்தை அழுத்தி அந்தக் காற்றை உள்ளே அனுப்புவார். கேட்கிறவனுக்குச் சுருதி அறுந்ததே தெரியாது. டாம்பர் அந்தக் கன்னம்தான். பம்ப் அதிகமாகத் தள்ளும்போது உப்பி வாங்கிக்கொள்ளும், பம்ப் ஓய்கிற நொடியில் சுருங்கித் திருப்பிக்கொடுக்கும்.

நம் உடம்பிலும் இதே வேலை நடக்கிறது. இதயம் விட்டுவிட்டு அடித்தாலும் நுண்குழாய்களில் இரத்தம் கிட்டத்தட்ட சீராக ஓடுவதற்குக் காரணம் மகாதமனி விரிந்து சுருங்குவது. ஸ்டீஃபன் ஹேல்ஸ் 1733-இல் இதைத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டார். 1899-இல் ஓட்டோ ஃபிராங்க் கணக்காகவே எழுதினார். காற்றறைக்கு ஜெர்மனில் விண்ட்கெசல், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நானும் டாம்பர் போட்டேன். ஒன்றுமே மாறவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். டாம்பர் தனியாக வேலை செய்யாது. அதற்குப் பின்னால் ஒரு தடை இருக்க வேண்டும். ஒத்து ஊதுகிறவரின் உதட்டில் சீவாளி இருப்பதால்தான் கன்னம் உப்புகிறது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதினால் கன்னம் எங்கே உப்பும்? வெளியே தடை இல்லையென்றால் திரவம் துடிப்போடு அப்படியே ஓடிவிடும், டாம்பரை எட்டிக்கூடப் பார்க்காது.

எண்ணில் பார்ப்போம். தடை என்பது ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்கு எத்தனை பார் அழுத்தம் விழுகிறது என்பது. நெகிழ்வு என்பது ஒரு பாருக்கு டாம்பர் எத்தனை மி.லி. கூடுதலாக வாங்கிக்கொள்ளும் என்பது. இரண்டையும் பெருக்கினால் ஒரு நேரம் வரும், வினாடியில். அந்த நேரம் துடிப்பின் இடைவெளியைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால் துடிப்பு அடங்கும், சின்னதாக இருந்தால் அடங்காது. எத்தனை மடங்கு அடங்கும் என்பதற்கு அந்த நேரத்தை 6.28-ஆல் பெருக்கி இடைவெளியால் வகுங்கள். விடை ஐந்து, பத்து என்று வந்தால் அதுவே கிட்டத்தட்ட மடங்கு. (ஒன்று, இரண்டு என்று வந்தால் வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.)

மேலே சொன்ன பெரிஸ்டால்டிக் பம்பையே எடுங்கள். நிமிடத்துக்கு 1 மி.லி., 200 துடிப்பு, அதாவது 0.3 வினாடிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 5 மைக்ரோலிட்டர். ஒரு டி-இணைப்பு போட்டு அதன் மேல்காலில் 0.1 மி.லி. காற்றை அடைத்துவைக்கிறோம், ஒரு பாரை ஒட்டிய அழுத்தத்தில் அதன் நெகிழ்வு பாருக்கு 0.1 மி.லி. பின்னால் 0.2 பார் விழும் அளவுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டால் தடை 12 (பார், வினாடி, மி.லி. கணக்கில்). பெருக்கினால் 1.2 வினாடி. துடிப்பு 25 மடங்கு அடங்கும். பிரமாதம். இப்போது அந்த மெல்லிய குழாயை எடுத்துவிட்டு அகலக் குழாய் போடுங்கள், 0.01 பார்தான் விழுகிறது என்று வையுங்கள். அதே காற்று, அதே டி-இணைப்பு; பெருக்கினால் 0.06 வினாடி. துடிப்பு 1.6 மடங்குதான் குறையும். கண்ணுக்கு ஒன்றும் மாறாத மாதிரிதான் இருக்கும். டாம்பர் கெட்டது என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள்.

அந்த மெல்லிய குழாய் எவ்வளவு நீளம் வேண்டும்?

குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு ஏறும், இதை மட்டும் மனதில் வையுங்கள். நிமிடத்துக்கு 1 மி.லி. தண்ணீருக்கு 0.5 மி.மீ. உள்விட்டக் குழாய் சுமார் 2 மீட்டர் போட்டால் 0.2 பார் விழும். அதே 0.2 பார் 0.25 மி.மீ. குழாயில் 12 சென்டிமீட்டரிலேயே கிடைத்துவிடும். முதலாவதுக்குள் 0.4 மி.லி. திரவம் நிற்கும், இரண்டாவதுக்குள் 6 மைக்ரோலிட்டர்தான். மாதிரியும் அந்த வழியாகத்தான் போகிறது என்றால் சின்னதையே எடுங்கள், ஆனால் முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள். கரும்புச்சாறு மாதிரிகளில் மிச்சமிருக்கும் நார்த்துணுக்கு 0.25-ஐ அடைப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

பெரிய டாம்பராகவே போட்டுவிட்டால் என்ன?

எல்லோருக்கும் வரும் ஆசை. எச்.பி.எல்.சி. கணக்கில் பார்க்கலாம்: நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டத்தில் காலம்ன் 100 பார் காட்டுகிறது, ஒரு துடிப்புக்கு 100 மைக்ரோலிட்டர் தள்ளும் பம்ப், 6 வினாடிக்கு ஒரு துடிப்பு. பாருக்கு 1 மைக்ரோலிட்டர் வாங்கும் டாம்பர் போட்டால் தடையும் நெகிழ்வும் பெருக்கி 6 வினாடி, துடிப்பு ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேல் குறையும். பத்து மடங்கு பெரிய டாம்பர் போட்டால் அறுபது மடங்கு குறையும், உண்மைதான். ஆனால் பம்பைப் போட்டபிறகு அழுத்தம் நிலைக்கு வர 20 வினாடியில் முடிந்த வேலை மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓட்டத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதே காத்திருப்பு. கரைப்பான் கலவையை ஓட்டத்தின் நடுவில் மாற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம்: டாம்பருக்குள் நிற்கும் பழைய கலவை கழுவிப் போகிறவரை புதுக் கலவை காலம்னுக்கு வந்து சேராது, உச்சிகள் எல்லாம் தாமதமாக வரும். எங்களுடைய சர்க்கரை வேலையில் தண்ணீர் மட்டுமே ஓடுகிறது, நாங்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். மற்றவர்கள் தேவைக்கு மேல் போகாதீர்கள்.

காற்று இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, எச்.பி.எல்.சி.க்கும் ஒரு டி-இணைப்பில் காற்றை அடைத்துவைத்தால் போதாதா?

போதாது. ஒரு பாரில் 1 மி.லி. இருந்த காற்று 100 பாரில் 10 மைக்ரோலிட்டராகச் சுருங்கிவிடும், அதன் நெகிழ்வு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதோடு அது கரைப்பானில் கரைந்து, காலம்னைத் தாண்டி அழுத்தம் விழும் இடத்தில், அதாவது டிடெக்டருக்குள் குமிழியாக வெளியே வரும். வேறு வினையே வேண்டாம். அதனால்தான் உயர் அழுத்தத்துக்குச் சப்பையாக நசுக்கிய எஃகுக் குழாய்ச் சுருள் (அழுத்தம் ஏறினால் வட்டமாகப் பார்க்கும்), அல்லது சவ்வுக்குப் பின்னால் சுருங்கும் திரவம் அடைத்த பெட்டி என்று வைக்கிறார்கள்.

குறைந்த அழுத்தத்திலும் காற்று நிரந்தரமில்லை, மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். காற்று நீக்கிய தண்ணீர் ஓட்டினால் இன்னும் சீக்கிரம். திங்கட்கிழமை காலை துடிப்பு திரும்ப வந்திருந்தால் டி-இணைப்பின் காலைப் பாருங்கள், தண்ணீர் நிரம்பியிருக்கும். அதற்குப் பதில் முனை மூடிய மென்மையான சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் இந்தத் தொல்லை குறைவு.

எங்கே மாட்டுவது?

பம்புக்கும், மாதிரியை ஓட்டத்தில் செலுத்தும் இன்ஜெக்டருக்கும் நடுவில். இன்ஜெக்டரைத் தாண்டி ஒருபோதும் வேண்டாம், மாதிரி உள்ளே போய்ப் பரவி உச்சி அகலமாகிவிடும்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை கேட்டது: "அண்ணா, டர்பனில் உங்களிடம் ஓடிய அதே பம்ப், அதே வேகம், அதே மெத்தட், இங்கே வந்து குமிழி குமிழியாகத் துடிக்கிறதே?"

அம்மா, நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே காற்றழுத்தம் சுமார் 1.01 பார், அங்கே சுமார் 0.83. பம்ப் உறிஞ்சும்போது பாட்டிலிலிருந்து திரவத்தைத் தள்ளிவிடுவது அந்தக் காற்றழுத்தம்தான். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடையாது. உறிஞ்சும் பக்கத்தில் ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் டர்பனில் சமாளித்துவிடும், அங்கே கரைந்த காற்று பிரிந்து குமிழியாகி, செக் வால்வில் உட்கார்ந்துகொள்ளும். பாட்டிலைப் பம்புக்கு மேலே தட்டில் தூக்கிவையுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள், உறிஞ்சும் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் வையுங்கள், கரைந்த காற்றை நீக்கும் டீகேசரை அணைக்காதீர்கள். வெளியேறும் பக்கத்தில் எவ்வளவு டாம்பர் போட்டாலும் இது தீராது.

மின்சாரம் போய் வந்தால் பெரிஸ்டால்டிக் பம்ப் ஒரு மாதிரி விக்கி விக்கி ஓடுகிறது. ஏன்?

2007-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) தொடங்கியதிலிருந்து நம் நாட்டில் எல்லாருக்கும் பழகிய நோய். பம்ப் நின்றபடியே நின்றால் உருளைகள் குழாயை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நசுக்கிக்கொண்டிருக்கும், அங்கே ஒரு தட்டையான தழும்பு விழும். திரும்ப ஓடும்போது அது ஒவ்வொரு தடவையும் ஒரு கூடுதல் விக்கல் போடும். விளக்கு அணைந்ததும் முதல் வேலையாகக் குழாயை உருளைகளோடு அழுத்திப்பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்துங்கள், வீட்டுக்குப் போகும்போதும் அப்படித்தான். தழும்பு விழுந்த குழாயைக் கொஞ்சம் தள்ளி மாட்டிப் பார்க்கலாம், ஆனால் புதுக் குழாய் மலிவுதான். சில்லறைக் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாள் மாதிரிகளைத் திரும்ப ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அழுத்தமானியின் முள் ஆடாமல் இருக்க அதன் வாயில் ஒரு சின்னத் துளைத் தகடு போட்டார்கள். இப்போது துடிப்பு போய்விட்டதா?

முள்ளுக்குப் போய்விட்டது, திரவத்துக்கு இல்லை. மென்பொருளில் சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டுவதும் அதே கண்கட்டு வித்தைதான். அழுத்தமானி நீண்ட நாள் உழைக்க அந்தத் தகடு நல்லது, வேறு எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

சிரிஞ்ச் பம்புக்கு டாம்பர் வேண்டுமா?

வேண்டாம். மிக மெதுவாக ஓட்டும்போது மோட்டாரின் படிப்படியான நகர்வு தெரியும், அதற்கு மருந்து சின்ன சிரிஞ்ச். இங்கே குமிழியும் மென்மையான குழாயும் எதிரிகள். பம்ப் நின்ற பிறகும் நிமிடக்கணக்கில் திரவம் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

நைட்ரஜன் நிரப்பும் பை வைத்த டாம்பர் ஒன்று இருக்கிறது, எவ்வளவு நிரப்புவது?

உங்கள் வீட்டில் ஜோஜோ டாங்கியும் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) பூஸ்டர் பம்பும் இருந்தால் உங்களுக்குப் பாதி தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் போனதிலிருந்து எத்தனை வீடுகளில் அது ஏறிவிட்டது. பம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும், அதன் பையில் காற்று இறங்கிவிட்டால் குழாயைத் திறந்தவுடன் பம்ப் டக் டக்கென்று போட்டுப் போட்டு அணையும், குழாயில் தண்ணீர் துள்ளித் துள்ளி வரும். அதே சங்கதிதான் இங்கும். வழக்கமாக ஓடும் அழுத்தத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை நிரப்புவார்கள். ஓடும் அழுத்தத்தைவிட அதிகமாக நிரப்பிவிட்டால் பை அசையவே அசையாது, வெறும் இரும்புத்துண்டு. நிரப்பும்போதும் அளக்கும்போதும் திரவப் பக்கத்தில் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரஜன் மட்டும், பக்கத்தில் சிலிண்டர் இருக்கிறதே என்று ஆக்சிஜனைத் தொட்டுவிடாதீர்கள், கரைப்பானோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

பம்பை அணைத்துவிட்டேன், உடனே கழற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். டாம்பர் வாங்கிவைத்ததை இன்னும் திருப்பிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது; பம்ப் நின்றாலும் அழுத்தமானி மெதுவாகத்தான் இறங்கும். பர்ஜ் வால்வைத் திறந்து, எண் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்புறம் ஸ்பானரை எடுங்கள்.